இடது பக்கத்து பிரேக்

ஜனவரி 27, திங்கள்

சீட்டை முன்னால் இழுக்க வேண்டும். முதுகுக்குப் பழைய தலையணை. பிறகு நடுக் கண்ணாடியைக் கீழே சாய்க்க வேண்டும். இந்த மூன்றும் ஆன பிறகுதான் சாவி என்று டிரைவிங் ஸ்கூல் பையன் சொல்லியிருக்கிறான். இவருடைய கால் நீளத்துக்குப் பத்து வருஷமாகப் பழகின சீட் அது. இழுத்தால் நகர மாட்டேன் என்கிறது. இவர் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், இறங்கி வரவில்லை.

சத்துவாச்சாரி பேஸ் 3 வரை போய்த் திரும்பினேன். இரண்டு இடத்தில் நின்றுபோனது. "அக்கா, கிளட்சை மெதுவா வுடுங்க. அது இன்னா, ஓடிப்போற கோழியா?" என்கிறான் பையன். என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. எடுத்ததோடு சரி.

பாண்டியில் ரூமுக்கு நவம்பரிலேயே பணம் கட்டியாகிவிட்டது. வேண்டாம் என்றால் ஒரு பைசா திரும்பாதாம். "போனாப் போவுதும்மா" என்கிறான் மகன் பெங்களூரிலிருந்து. 9,200 ரூபாய். அவன் சம்பளத்துக்குப் போனால் போகட்டும்தான்.

ஜனவரி 29, புதன்

தை அமாவாசை. வாழைக்காய் வறுவல், மாமியாருக்குப் பிடித்த மாதிரி மிளகு தூக்கலாக. எல்லா வீட்டு மாடியிலும் கூப்பிடுகிறார்கள், காக்கா பாவம் யார் வீட்டுக்குத்தான் வரும்.

ஜனவரி 30, வியாழன்

இவர் எடுக்காதபடி, மகன் சொன்னபடி வண்டிச் சாவியை ரவை டப்பாவுக்குள் போட்டு மூடினேன். சொந்த வீட்டில் திருடுகிற மாதிரி இருந்தது.

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்றைக்கு ஒத்திகை. பாகாயம், அடுக்கம்பாறை, கணியம்பாடி, கண்ணமங்கலம் வரை. இவர் பக்கத்தில்.

முதலில் கவனிக்கவில்லை. அடுக்கம்பாறை தாண்டி ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே வந்தபோதுதான் பார்த்தேன். இவருடைய வலது கால் தரையை அழுத்துகிறது. அங்கே மிதியடிதான் இருக்கிறது. நான் பிரேக் பிடிப்பதற்கு அரை நொடி முன்னால் இவர் பிடித்துவிடுகிறார். அதற்குப் பிறகு எனக்கு ரோட்டில் கண்ணே போகவில்லை, அந்தக் கால் மேலேயே இருந்தது. கணியம்பாடிக்குள் எட்டு தடவை மிதித்தார். எண்ணினேன்.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டினால்கூடப் பரவாயில்லை.

கண்ணமங்கலம் கூட்டு ரோட்டில் டீ. கடைக்காரர் இவரை அடையாளம் கண்டுகொண்டார். "இன்னா சார், ரிட்டயர்டா? அம்மா ஓட்டினு வராங்க?" என்றார். இவர் சிரித்துக்கொண்டே "பதவி உயர்வு, அவங்களுக்கு" என்றார். நன்றாகத்தான் சமாளித்தார். திரும்பி வரும்போது ஐந்து தடவைதான்.

பிப்ரவரி 5, புதன்

எதற்கெடுத்தாலும் எரிச்சல். சட்னியில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளினார். அரை மணி கழித்து அவரே வந்து, "இது மாத்திரை பண்ற வேலை. இதே மாத்திரையை நான் பதினோரு வருஷம் வித்திருக்கேன். லிவருக்குத் தொந்தரவு இல்ல டாக்டர், காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு ஒப்பிப்பேன். எரிச்சல் வரும்ங்கறத அவங்களா கேட்டாத்தான் சொல்வோம்" என்றார்.

உப்பு இல்லைதான். நானும் சாப்பிட்டுப் பார்த்தேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

ஸ்கேன் 13ஆம் தேதி என்று போன் வந்தது. காலை 7 மணிக்கு வெறும் வயிற்றோடு. சரி. பெட்டி கட்டியாகிவிட்டது.

பிப்ரவரி 8, சனி. புதுச்சேரி, இரவு

புறப்படும்போது மீட்டர் 71,840. எழுதி வைக்கச் சொன்னார். மருந்துக் கம்பெனி ரெப் வேலையில் இருந்தவரை பயணப்படிக்காக எழுதினது, கை விட மாட்டேன் என்கிறது. ஆரணி, சேத்துப்பட்டு, வளத்தி, செஞ்சி, திண்டிவனம், பாண்டி. இதைத்தான் 'பாண்டி லைன்' என்பார். மாதத்தில் இரண்டு தடவை, மூன்று ராத்திரி. எனக்கு அது ஊர் இல்லை, இவர் வீட்டில் இல்லாத நாட்களுக்குப் பெயர். நான் பாண்டிக்குப் போனது ஒரே ஒரு முறை, வில்லியனூரில் ஒரு கல்யாணத்துக்கு. ராத்திரி பஸ்ஸில் போய் மறுநாள் மதியப் பந்தியோடு திரும்பிவிட்டோம். கடலைப் பார்க்கவில்லை.

ஆரணி வரை வழி சொன்னார். அதற்குப் பிறகு வழி சொல்வது நின்று கதை ஆரம்பித்தது. சேத்துப்பட்டு மாதா கோயில் கோபுரம் தெரிந்ததும், எதிரே ஒரு மருந்துக்கடையில் மழைக்கு ஒதுங்கினதைச் சொன்னார். வளத்திக்கு முன்னால் ஒரு வளைவில் "இங்க மாடு நிக்கும்" என்றார். நின்றது! அதே மாடாக இருக்க முடியாது, அதன் பேத்தியாக இருக்கும்.

செஞ்சிக் குன்றுகள் தெரிந்தபோது வெயில் ஏறிவிட்டது. யாரோ கல்லைக் கூடை கூடையாகக் கொட்டிவிட்டு மறந்துபோன மாதிரி ஒரு மலை. நம் வேலூர்க் கோட்டை தரையில் அகழியோடு உட்கார்ந்திருக்கிறது, இது மலையுச்சிக்கே ஏறிவிட்டது. இதையும் பிரெஞ்சுக்காரர்கள் 1750இல் ஒரே ராத்திரியில் பிடித்திருக்கிறார்கள். 1761இல் இங்கிலீஷ்காரனிடம் போய்விட்டது. ராஜகிரி உச்சிக்கு இவர் ஒருதரம் ஏறியிருக்கிறாராம். எப்போது என்றேன். "ஒரு டாக்டர் ஊர்ல இல்லாத அன்னிக்கு" என்றார். எனக்குச் சொன்னதே இல்லை. மலை ஏறினதை வீட்டில் சொல்லாமல் இருப்பானேன்?

மொரட்டாண்டி டோலில் மானம் போயிற்று. பாஸ்டேக்கில் பணம் போட மறந்திருக்கிறேன். பின்னால் கர்நாடக வண்டிகள் ஏழோ எட்டோ, எல்லாம் ஒரே சமயத்தில் ஹாரன். எனக்குக் கை நடுங்கி, கியர் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. இவர் ஒன்றும் சொல்லாமல் பர்ஸை எடுத்து இரட்டிப்புக் கட்டணத்தைக் கட்டினார். வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். காலைப் பார்த்தேன். அசையாமல் இருந்தது.

கோரிமேட்டில் நுழைந்ததும் ஒரு பக்கம் பெரிய ஆஸ்பத்திரி, சுற்றிலும் சாராயக் கடைகள். 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த வைத்தியப் பள்ளியிலிருந்து வந்ததாம் அந்த ஆஸ்பத்திரி. சொல்லிக்கொண்டே வந்தவர் கேட்டுக்கு நேராக வந்ததும் பேச்சை நிறுத்தி, எதிர்ப்பக்கம் பார்க்க ஆரம்பித்தார். மீட்டர் 72,003.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். காலை ஏழரை வரை நடப்பவர்களுக்குத்தான் ரோடு. தொப்பி மட்டும் சிவப்பாக ஒரு போலீஸ்காரர், பிரெஞ்சுக்காலத்து மிச்சம். பாலாறு என்று மணலைக் காட்டி வளர்ந்த எனக்கு இவ்வளவு தண்ணீர் ஒரே இடத்தில் இருப்பது கொஞ்சம் ஊதாரித்தனமாகப் பட்டது.

காந்தி சிலையைச் சுற்றி எட்டுத் தூண்கள், செதுக்கின கல். செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை என்கிறார்கள். காலையில் நாங்கள் தாண்டி வந்த மலை எங்களுக்கு முன்னாலேயே இங்கே வந்து நிற்கிறது.

எட்டு மணிக்கு இவர் போனில் அலாரம். ஐஸ்கிரீம் வண்டிப் பக்கத்திலேயே மாத்திரை போட்டுக்கொண்டார்.

பிப்ரவரி 9, ஞாயிறு, காலை

நாலரைக்கே எழுந்துவிட்டேன். இவர் மூச்சு சீராக இருக்கிறது. டிசம்பரிலிருந்து முதல் வேலை அதைக் கேட்பதுதான்.

பிப்ரவரி 9, ஞாயிறு, இரவு

துய்மா வீதி, ரோமன் ரோலன் வீதி. பெயர்ப்பலகையில் பிரெஞ்சும் தமிழும் மேலும் கீழுமாக. மஞ்சள் சுவர், வெள்ளை ஓரம், சுவருக்கு மேலே காகிதப்பூ. ஒவ்வொரு சுவருக்கும் முன்னால் ஒரு பெண், ஒரு போட்டோக்காரர், ஒரு குடை. "ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா" என்று நான்கு இடத்தில் தள்ளினோம். நானோ ஆரணிப் பட்டு கட்டிக்கொண்டு போயிருந்தேன். எல்லோரும் அரை டிராயரில். ஒரு வெள்ளைக்காரப் பாட்டி என் சேலையைக் காட்டிக் கட்டைவிரலை உயர்த்தினாள். இந்த வீதியில் என்னைத் தள்ளச் சொல்லாத ஆள் அவள் ஒருத்திதான்.

பாரதியார் 1908இலிருந்து பத்து வருஷம் இந்த ஊரில் ஒளிந்திருந்தார் என்றால் நம்ப முடிகிறது. இரண்டு தெரு தாண்டினால் நம் தெரு மாதிரியே திண்ணையும் கோலமும் வந்துவிடுகிறது. சண்டே மார்க்கெட்டில் இவர் 150 ரூபாய்க்கு ஒரு பெல்ட் வாங்கினார். இடுப்பு இளைத்துவிட்டது, பழையதில் துளை பற்றவில்லை.

மாலையில் ஒரு இடம் காட்டுகிறேன் என்று கூட்டிப்போனார். கடற்கரைச் சாலையில் ஒரு சிமெண்டு பெஞ்சு. இங்கே உட்கார்ந்துதான் ஒவ்வொரு லைன் முடிவிலும் டாக்டர்களைப் பார்த்த ரிப்போர்ட் எழுதுவாராம். நான் கடலைப் பார்த்து உட்கார்ந்தேன். "அப்படி இல்ல" என்று மாறி உட்கார்ந்து காட்டினார். கடலுக்கு முதுகு, முகம் ஊரைப் பார்த்து. "காத்துக்குப் பேப்பர் பறக்கும். முதுகால மறைச்சினு எழுதணும்."

இருபத்தாறு வருஷம் இவர் கடலைப் பார்த்துக்கொண்டு உல்லாசமாக இருக்கிறார் என்று நினைத்துத்தான் நான் அங்கே ரேஷன் கடை வரிசையில் பொருமிக்கொண்டிருந்தேன்.

காந்தி சிலைக்கு அந்தப் பக்கம் மணல் இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். இவர் வந்த காலத்தில் கருங்கல் மட்டும்தானாம். துறைமுகத்துக்காகக் கல்லைக் கொட்டின பிறகு கரை அரித்துப்போனது, இப்போது கடலுக்குள் இரும்பில் ஏதோ இறக்கியிருக்கிறார்கள், மணல் திரும்பி வந்துவிட்டது என்றார் சுண்டல்காரர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினோம். அலை வந்தபோது என் முழங்கையைப் பிடித்தார். விழுந்துவிடுவேன் என்றா, விழுந்துவிடுவார் என்றா, தெரியவில்லை. டிசம்பரில் அன்றைக்கு ஹாலில் இவர் விழுந்தபோது பிடிக்க நான் இல்லை. அடுக்களையில் குக்கர் விசில்.

கரையேறும்போது சொன்னார். "சாவியை ரவை டப்பால வெக்காத. அந்த இரும்பு வாசம் உப்புமால அடிக்குது."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. இத்தனை நாளும் தெரியும். ஒரு நாள் எடுக்கவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

திரும்பியாயிற்று. திண்டிவனம் தாண்டி மதியச் சாப்பாடு, சுமார். செஞ்சியில் நிற்கலாமா என்றேன், அடுத்த தரம் என்றார். மாடு நிற்கவில்லை. கண்ணமங்கலம் வருவதற்குள் தூங்கிவிட்டார், கால் இரண்டும் தளர்ந்து. நான் அறுபதைத் தாண்டவில்லை.

மீட்டர் 72,181. சாவியை வாசல் பக்கத்து ஆணியில், பழைய இடத்திலேயே, மாட்டினேன். மகன் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். ரத்தினகிரிக்குப் போகலாமா என்றார். கணுக்கால் வீங்கியிருக்கிறது, வண்டியைத் தொடவே மாட்டேன் என்றேன். துணி மூன்று வாளி. எல்லாவற்றிலும் மணல்.

பிப்ரவரி 12, புதன்

காலையில் பெட்ரோல் போட்டு வரலாம் என்று வண்டியில் ஏறினேன், நாளைக்கு ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டுமே. சீட் முன்னால்தான் இருந்தது. தலையணை இருந்தது, ஆனால் பொத்தான் வெளிப்பக்கமாக. கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் ரோடு தெரியவில்லை, கூரைதான் தெரிந்தது.

மீட்டர் 72,184.

இறங்கி உள்ளே வந்து காபி போட்டேன். நன்றாகத் தூங்கினீர்களா என்று கேட்டேன். "ம்" என்றார் பேப்பரைத் திருப்பிக்கொண்டே.