இதுக்கு மேல ஏறாதுன்னு தெரிஞ்சப்புறம்

போன மாசம் வீடு மாறுனோம். அலமாரி மேலருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னு தடால்னு விழுந்துச்சு, தொறந்தா உள்ள பூரா 555 புக்கு. மளிகக் கடையில கடன் எழுதி வைப்பாங்களே, சட்டைப் பாக்கெட்டுல அடங்குற அந்த சின்ன புக்கு, அதே தான். மொத்தம் பதினேழு. வைஃப் ஒன்ன பிரிச்சு பாத்துட்டு "யாருக்கு இவ்ளோ கடன் குடுத்து வச்சிருக்கீங்க"ன்னு கேட்டா. கடன் இல்ல லா, 2007-லருந்து நான் ஜிம்முல தூக்குன வெயிட்டு எல்லாம் அதுல இருக்கு, தேதி போட்டு, எத்தன செட்டு, ஒரு செட்டுல எத்தன ரெப்பு, அதாவது எத்தன தடவ தூக்குனேன், அன்னிக்கி என்ன சாப்பிட்டேன், நைட் ஷிப்டா மார்னிங் ஷிப்டா, எல்லாம்.

லோரிக்காரர் கீழ ஹாரன் அடிச்சிகிட்டு இருக்காரு, நான் தரையில சம்மணம் போட்டு உக்காந்து புக்கு படிச்சிகிட்டு இருக்கேன்.

2007-ல எனக்கு 19 வயசு, 55 கிலோ, உயரம் 170. மொத வருஷம் 9 கிலோ ஏறுச்சு, ரெண்டாவது வருஷம் 4, மூணாவது வருஷம் 2, அதுக்கப்புறம் வருஷத்துக்கு ஒரு கிலோ ஏறுனாலே கோயிலுக்கு தேங்கா ஒடைக்கலாம். பெஞ்ச், அதான் மல்லாந்து படுத்து நெஞ்சுக்கு மேல தூக்கறது, 2017-ல 120 கிலோ. 2021-ல 122.5. நாலு வருஷத்துல ரெண்டரை கிலோ, அதுவும் அன்னிக்கி தலமாட்டுல நின்ன பையன் விரல் வச்சி தூக்கி விட்டானான்னு இன்னும் எனக்கு டவுட்டு. உடம்பு எடை 2018-ல 77, போன வருஷமும் 77. கடைசி அஞ்சு புக்குல தேதிய மறைச்சிட்டா எது எந்த வருஷத்து புக்குன்னு எனக்கே தெரியாது.

நான் இருக்கறது மலேசியாவுல சுங்கை சிப்புட்ல, ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவுல. பொறந்தது தோட்டத்து லயத்துல, இப்ப டவுன் பக்கம் ஒரு தாமான் வீட்டுல. நாங்க போற ஜிம்மு கடை வீட்டு மாடியில, ஏர்கோன் கெடையாது, ரெண்டு ஃபேனு, சொவத்துல மாலிக் நோர் படம். ஆணழகன் போட்டியில ஆறு தடவ மிஸ்டர் ஆசியா ஆனவர், எங்களுக்கு முந்துன செட்டு பசங்களுக்கு அவர் தான் எல்லாம், எங்க செட்டுக்கு சசாலி சாமாட். அந்த படத்துக்கு கீழ நின்னு நானும் பத்து வருஷம் அடுத்த வருஷம் ஆயிரும் அடுத்த வருஷம் ஆயிரும்னு நெனச்சிகிட்டே இருந்தேன்.

ஒடம்பு இதுக்கு மேல வளராது, உச்சம் வந்துருச்சுன்னு எப்படி தெரியும்னு ஜிம்முல பசங்க கேப்பானுங்க. மூணு வருஷம் அடிச்சிட்டு "அண்ணே எனக்கு ஜெனட்டிக்ஸ் அவ்ளோதான்"னு சொல்றவன் முக்காவாசி பேரு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கேம் வெளையாடிட்டு காலையில ஒரு நாசி லெமாக்கோட வர்றவன், அவனுக்கு உச்சமும் இல்ல ஒன்னும் இல்ல, தூக்கம் இல்ல அவ்ளோதான். ஒரு நாளைக்கு ஒடம்பு எடையில கிலோவுக்கு 1.6 கிராம் புரோட்டீன் உள்ள போவணும், என் எடைக்கு 123 கிராம் வருது, ஒரு முட்டையில ஆறு கிராம் தான் இருக்குன்னு கணக்கு போட்டு பாரு, நீ சாப்பிடறது போதுமான்னு தெரிஞ்சிரும். சாப்பாடு, தூக்கம், ஒழுங்கா எழுதி வச்ச புக்கு எல்லாம் சரியா இருந்தும் ரெண்டு மூணு வருஷம் நம்பர் அசையலன்னா, அதுவும் எட்டு பத்து வருஷம் அடிச்ச ஒடம்புன்னா, அப்ப நம்பலாம்.

இன்னொரு கணக்கு இருக்கு, எஃப்எஃப்எம்ஐன்னு சொல்வாங்க. கொழுப்ப கழிச்சிட்டு மிச்ச எடைய உயரத்தோட வர்க்கத்தால வகுக்கறது, அப்புறம் உயரத்துக்கு ஒரு சின்ன திருத்தம். 1995-ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, ஸ்டீராய்டு போடுறவங்க போடாதவங்க ரெண்டு பக்கமும் சேத்து 157 பேர அளந்தாங்க, போடாதவங்க கிட்டத்தட்ட 25-லயே நின்னுட்டாங்க, போடறவங்க நெறய பேரு அத தாண்டி போய்ட்டாங்க. நான் 14 சதவீதம் கொழுப்புன்னு வச்சி போட்டு பாத்தேன், 23.5 வந்துச்சு. மொத நாள் இந்த நம்பர் வந்தப்ப சந்தோஷம் தான், இன்னும் ஒன்னரை பாக்கி இருக்கேன்னு. அப்புறம் தான் மண்டையில ஏறுச்சு, 25-ங்கறது அந்த கூட்டத்துலயே மேல நின்னவனோட நம்பர், மெலிசு மணிக்கட்டு வச்சிருக்கற எல்லாரும் அங்க போய் சேருவோம்னு யாரும் எழுதி குடுக்கல.

தெரிஞ்சப்புறம் ஒழுங்கா இருந்தேனான்னா இல்ல. மொதல்ல சாப்ட்டு ஏத்தலாம்னு எறங்குனேன். ஆறு மாசம் ராத்திரி ரொட்டி சானாய் ரெண்டு, மைலோ, சோறு டபுள். 77-லருந்து 88. பெஞ்ச் 125 போச்சு, ஜிம்முல எல்லாரும் கை தட்டுனானுங்க, எறக்கி 77-க்கு வந்தப்ப திருப்பி 120. பதினோரு கிலோ ஏத்தி பதினோரு கிலோ எறக்கி, நடுவுல நாலு சிலுவாரு, பேண்ட்டு தான், வாங்குன காசு தான் மிச்சம். புதுசா ஆரம்பிக்கறவனுக்கு கூட சாப்பிட்டா சதையா ஏறும், நம்மள மாதிரி ஆளுக்கு தொப்பையா தான் ஏறும், இத நான் சொன்னா எவனும் நம்ப மாட்டான், அவனவன் ஒரு தடவ 88 ஆயி பாத்துட்டு தான் வருவான்.

ரெண்டாவது, ஸ்டீராய்டு ஊசி. யாரு எங்கன்னு சொல்ல வேணாம், எல்லா ஊர்லயும் ஒருத்தன் இருக்கான். "நீங்க இருக்கற டிசிப்ளினுக்கு ஒரு ரவுண்டு ஊசி போட்டீங்கன்னா ஸ்டேஜ் தான்ணே"ன்னான். பொய் சொல்லக் கூடாது, மூணு ராத்திரி யோசிச்சேன். அந்த நேரத்துல தான் அப்பா கூட உக்காந்து பேசிகிட்டு இருக்கறப்ப பால் வெட்டு பேச்சு வந்துச்சு. அப்பா முப்பது வருஷம் பால் மரம், அதான் ரப்பர் மரம், பட்டைய வெட்டி பால் எடுத்தவரு, விடியறதுக்கு முன்னாடி தலையில லைட்ட கட்டிகிட்டு போயிருவாரு, வெயில் ஏறுனா பால் எறங்காதுன்னு. மரத்துக்கு மருந்து பூசுவாங்களாம், வெட்டுக்கு கீழ பட்டைய லேசா சொரண்டிட்டு பிரஷ்ல தடவறது, எத்தெஃபோன்னு பேரு, அது பூசுனா பால் ஒறஞ்சு கொழா அடைக்கறது லேட்டாவும், அதனால ரொம்ப நேரம் சொட்டும். "மொத மாசம் மங்கு வழியும்டா, கணக்கு எழுதற கிராணி வரைக்கும் சிரிப்பாங்க. அளவுக்கு மேல பூசுனா ஒரு நாள் வெட்டுறே, கோடு காஞ்சு கெடக்கும், சொட்டு வராது. மரம் நிக்கும், எல நல்லா பச்சையா தான் இருக்கும்."

அப்பாவுக்கு என் ஊசி வெவகாரம் ஒன்னும் தெரியாது, அவரு மரத்த பத்தி தான் சொன்னாரு. எனக்கு தான் தொண்டையில மாட்டிகிச்சு. ஏன்னா வெளியிலருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏத்துனா மூளை "போதும் வருது"ன்னு நெனச்சிகிட்டு சொந்தமா உற்பத்தி பண்ண சொல்ற சிக்னல நிறுத்திரும், விதை சுருங்கும், விந்தணு கொறையும், நல்ல கொலஸ்ட்ரால் எறங்கும், இதயத்து சுவர் தடிச்சு போவும். எங்களுக்கு அப்ப கல்யாணமாயி ரெண்டு வருஷம், பிள்ளைக்கு பாத்துகிட்டு இருந்தோம். பால் வத்தி எல மட்டும் பச்சையா நிக்கற மரமா நான் ஆக வேணாம்னு விட்டுட்டேன். நல்லவன்லாம் இல்ல, பயந்தாங்கொள்ளி அவ்ளோதான்.

அப்புறம் தைப்பூசம். ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்கு பால்குடம் எடுத்தேன், வேண்டுதல். நூத்தி அறுவது கிலோ ஸ்குவாட் அடிக்கறவன், ஒரு குடம் பால் என்ன பெரிய வெயிட்டு. பாதி தூரத்துல மூச்சு வாங்குது பாருங்க, நாய் மாதிரி. என் பக்கத்துல ஒரு பாட்டி, அறுவத்தஞ்சு எழுவது இருக்கும், வெறுங்கால்ல மஞ்ச சேலையில வேல் வேல்னுட்டு என்ன தாண்டி போறாங்க. திரும்பி பாத்து "தம்பி ஒடம்பு சரியில்லையா"ன்னு வேற கேட்டாங்க. பதினஞ்சு வருஷம் ஒடம்பு வளத்தவன பாத்து கேக்கற கேள்வியா அது.

அன்னிக்கி ராத்திரி கால்ல எண்ண தேச்சிகிட்டே யோசிச்சேன், இந்த ஒடம்பு எதுக்கு தான் ஆவுது. தூக்க தெரியும், எறக்க தெரியும். ஓட தெரியாது, குனிஞ்சி தரைய தொட முடியாது, முதுக சொறியணும்னா வைஃப கூப்புடணும்.

அதுக்கப்புறம் படிச்சதுல தான் எனக்கு வழி கெடச்சுது. 2011-ல அலபாமா பல்கலைக்கழகத்துல செஞ்ச ஆராய்ச்சி ஒன்னு. 70 பேரு, கொஞ்ச பேரு 20-லருந்து 35 வயசு, மிச்ச பேரு 60-லருந்து 75. 16 வாரம் வாரத்துக்கு மூணு நாள் கால் பயிற்சி செய்ய வச்சாங்க. அப்புறம் ஒரு குரூப்ப நிறுத்த சொல்லிட்டு, இன்னொரு குரூப்புக்கு மூணுல ஒரு பங்கு, இன்னொரு குரூப்புக்கு ஒம்போதுல ஒரு பங்கு, அதாவது வாரத்துக்கு ஒரே நாள், ஒவ்வொன்னுலயும் ஒரே செட்டு. 32 வாரம். சின்ன வயசுக்காரங்களுக்கு ஒம்போதுல ஒரு பங்குலயே சேத்த சதை அப்படியே நின்னுச்சு. எனக்கு தூக்கி வாரி போட்டுச்சு லா, நான் அஞ்சு நாள் ரெண்டு ரெண்டு மணி நேரம் போட்டுகிட்டு இருந்தது வளக்கறதுக்கு இல்ல, சும்மா இருக்கறத இருக்கற எடத்துல வைக்க, அதுக்கு இவ்ளோ தேவையே இல்ல. அவங்க பரிசோதிச்சது புதுசா ஆரம்பிச்சவங்கள, என்ன மாதிரி பழம் தின்னு கொட்ட போட்டவன இல்ல, அதனால ஒம்போதுல ஒன்னுக்கு போவ தைரியம் வரல, ரெண்டுக்கும் நடுவுல, நேரத்துல ஆறுல ஒன்னுன்னு வச்சிகிட்டேன். வாரத்துக்கு ரெண்டு நாள், அம்பது நிமிஷம், வெயிட்ட மட்டும் கொறைக்கல.

ஏழு மாசம் கழிச்சி அளந்தேன். கை 41 செண்டிமீட்டர் இருந்தது 40.5. பெஞ்ச் 115. எடை 77. தேய்மானம் அவ்ளோதான், கண்ணாடிக்கு கூட தெரியல.

ஆனா வாரத்துக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல கையில வந்து நிக்குது, அத என்ன பண்றது? இது தான் உண்மையான கேள்வின்னு எனக்கு அப்ப தான் வெளங்குச்சு, ஒடம்ப என்ன பண்றதுங்கறது இல்ல. மொத ரெண்டு மாசம் எனக்கு பைத்தியம் புடிச்ச மாதிரி இருந்துச்சு, சாயங்காலம் அஞ்சரை ஆனா கை தானா ஜிம்மு பேக்க தேடும். சும்மா மோட்டார எடுத்துகிட்டு டவுன சுத்துவேன், அஞ்சடி கடை ஒன்னுல தே ஓ கொசோங், பாலும் சக்கரையும் இல்லாத டீ, குடிப்பேன், ஜிம்மு கீழ நின்னு மேல வெயிட்டு விழற சத்தத்த கேப்பேன். காதல்ல தோத்தவன் அவ வீட்டு பக்கம் சுத்துவானே, அந்த மாதிரி.

தோட்டத்து திடல்ல பந்து வெளையாட போனேன், மொத வாரமே தொடை புடிச்சிகிட்டு மூணு நாள் எம்சி, மருத்துவ லீவு. பதினெட்டு வயசு பையன் "மாமா நீங்க கோலி நில்லுங்க, கோல மறைக்க ஒடம்பு நல்லா இருக்கு"ன்னான். நின்னேன். இப்ப கொஞ்சம் கொஞ்சமா ஓடுறேன், அரை மணி நேரம் நிக்காம ஓட ஆறு மாசம் ஆச்சு. இதுல ஒரு சந்தோஷம் இருக்கு, சொன்னா சிரிப்பீங்க, புக்குல நம்பர் திருப்பி ஏறுது! ஓடறதுல நான் புதுசு தானே, 2007 மாதிரி வாரா வாரம் ஏறுது. பதினெட்டாவது புக்கு அதுக்கு தான் வாங்குனேன்.

அந்த ஆராய்ச்சியில இன்னொரு பாதி இருக்கு, நான் மொத தடவ படிச்சப்ப தாண்டி போய்ட்டேன். 60 வயச தாண்டுனவங்களுக்கு அந்த ஒம்போதுல ஒன்னும் பத்தல, மூணுல ஒன்னும் பத்தல, சேத்த சதை எறங்கிருச்சு, பலம் மட்டும் பெரும்பாலும் நின்னுச்சு. நாம என்ன நெனைக்கறோம், வயசானவங்களுக்கு கொஞ்சம் போதும் பையனுங்களுக்கு நெறய வேணும்னு, இது நேர் தலைகீழா இருக்கு.

எங்க அப்பாவுக்கு 68. இனிப்பு நீர், அதான் சக்கர வியாதி, பத்து வருஷமா. நம்ம ஆளுங்க வீட்டுல இது இல்லாத வீடு எது, 2019 தேசிய சுகாதார ஆய்வுல மலேசியாவுல பெரியவங்கள்ல 18.3 சதவீதம் பேருக்கு இருக்கு, இந்தியர்கள மட்டும் எடுத்தா 31.4. ரத்தத்துல இருக்கற சக்கரைய கூடுதலா வாங்கி வச்சிக்கறது சதை தான், அது வேல செய்யறப்ப இன்சுலின் சரியா கேக்கலன்னாலும் உள்ள இழுத்துக்கும். அப்பா கால பாத்தா பால் காட்டுல அத்தன ஆயிரம் மரத்துக்கு மரம் நடந்த காலான்னு இருக்கு, சிலுவாரு காத்துல ஆடுது. அந்த தோட்டம் செம்பனைக்கு மாறுனப்ப வேலய விட்டவரு, அன்னிலருந்து டிவி முன்னாடி தான். வீடு மாறுனதே அப்பா அம்மாவ கூட வச்சிக்கறதுக்கு தான்.

ஜிம்முக்கு வாங்கப்பான்னா வர மாட்டேன்னுட்டாரு. "காசு குடுத்து பாரம் தூக்கறதுக்கு எனக்கு என்ன கிறுக்கா, எங்க காலத்துல தூக்குனா சம்பளம் குடுப்பான்." அதனால வீட்டுலயே, சாப்பாட்டு மேச நாற்காலியில கை வைக்காம எந்திரிச்சி உக்காரணும், அரை நிமிஷத்துல எத்தன. மொத நாள் 7. அஞ்சு லிட்டர் எண்ண தோம்பு ரெண்டுல தண்ணி ரொப்பி வாசல்லருந்து கேட்டு வரைக்கும் தூக்கி நடக்கறது. சொவத்துல கை வச்சி தண்டால். வாரத்துக்கு மூணு நாள், நான் எந்த ஷிப்டா இருந்தாலும். சரியா வந்துட்டு இருக்கறப்ப பாதியில விட்டுட்டு கடைக்கு போயி பாலு போட்டு தே தாரே குடிச்சிட்டு வந்துருவாரு, கேட்டா "நீதான் நடக்க சொன்னே"ம்பாரு.

நேத்திக்கி 12. நான் எழுதறதுக்கு முன்னாடியே புக்க வாங்கி கண்ணாடிய மூக்கு மேல ஏத்தி பாத்துட்டு, "இது என்னடா பன்னெண்டு, பதிமூணு செஞ்சேன், கடைசி ஒன்ன நீ எண்ணல"ன்னு சண்ட. நானும் விடல, பின்பக்கம் நாற்காலிய தொடாம எந்திரிச்சா அது ரெப்பு கெடையாதுப்பான்னுட்டேன். அம்மா அடுப்படியிலருந்து "ரெண்டு பேரும் நிறுத்துங்க, ஆறிப் போவுது"ன்னாங்க. புக்குல 12-ன்னு தான் இருக்கு. அப்பா பக்கத்துல பென்சில்ல 13-ன்னு எழுதி வச்சிருக்காரு.