பச்சைத் தக்காளியைப் பொரித்த கதை

சிங்கப்பூர் தேக்கா சந்தையில், மலேசியாவின் கேமரன் மலைத் தக்காளிக் குவியலில் எல்லாரும் சிவப்பாகப் பார்த்துப் பொறுக்க, நான் மட்டும் அடியில் கல் மாதிரி கிடந்த காய்களாகத் தேடி அரைக் கிலோ எடுத்தேன். "கூட்டுக்காம்மா?" என்றார் கடைக்கார அண்ணன். "இல்லண்ணே, பொரிக்க." ஒரு மாதிரி பார்த்தார்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இதைச் சோளமாவில் புரட்டிப் பொரிப்பார்கள். என்னிடம் இருந்தது ரவை. சரி, அதுவே போதும், சொல்லப்போனால் மொறுமொறுப்பு இன்னும் நன்றாகவே வந்தது.

அரை சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாக வெட்டி உப்புத் தூவி 20 நிமிடம் வைத்தால் தண்ணீர் முத்து முத்தாக மேலே வரும். அதைத் துடைக்காமல் விட்டதால்தான் முதல் தடவை ரவையெல்லாம் தோல் உரிகிற மாதிரி கழன்று எண்ணெயில் மிதந்தது. இந்த முறை நன்றாக ஒற்றியெடுத்து, முதலில் மைதா, அப்புறம் மோர் கலந்த முட்டை, கடைசியில் மிளகாய்த்தூள் சேர்த்த ரவை. 10 நிமிடம் அப்படியே விட்டேன், கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

எண்ணெய் 180 டிகிரி. ஒரே நேரத்தில் நாலைந்துக்கு மேல் போட்டால் சூடு இறங்கி எண்ணெய் குடிக்கும். எடுத்ததைக் கம்பித் தட்டில் வைத்தால் அடி நமுக்காது.

உள்ளே இளம் மாங்காய்ப் புளிப்பு. மயோனைஸ் இல்லை, மிளகாய் அரைத்த சம்பல் தொட்டே தட்டைக் காலி செய்தோம்.