பழைய காரில் வந்த பெரிய சைலன்சர்: இதுவரை செய்தது

இந்த எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் குழாய் அமைப்பு) நான் போட்டதல்ல, செகண்ட் ஹேண்டில் வாங்கிய காரோடு வந்தது. முன்பு வைத்திருந்தவர் நடுவிலிருந்த, இரைச்சலைக் குறைக்கும் ரெசொனேட்டரை வெட்டியெடுத்து, அங்கே அகலமான நேர் பைப்பை வெல்டிங் செய்து, பின்னால் புகை நேராக ஊடுருவிப் போகும் கனமான ஸ்ட்ரெய்ட் த்ரூ சைலன்சரை மாட்டியிருக்கிறார். நல்லவேளை, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் கைவைக்கவில்லை. இன்ஜின் நான்கு சிலிண்டர் பெட்ரோல், டர்போ கிடையாது.

சத்தம் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிக்கப் மந்தம், மைலேஜும் குறைவு. பேக் பிரஷர் (புகை வெளியேறுவதைத் தடுக்கும் எதிர் அழுத்தம்) போய்விட்டால் இப்படித்தான் என்று பலரும் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்ஜினுக்குத் தேவை அடைப்பு அல்ல, புகை வேகமாக வெளியேறுவது. பைப் அளவுக்கு மீறி அகலமானால் அந்த வேகம் தளரும், உண்மைதான். ஆனால் கன்வெர்ட்டருக்குப் பின்னால் செய்த மாற்றம் இவ்வளவு மந்தத்தைக் கொடுக்காது.

காரின் சென்சார் அளவுகளைக் காட்டும் ஓபிடி ஸ்கேனரை மாட்டியதும் விஷயம் பிடிபட்டது. லாங் டேர்ம் ஃப்யூயல் ட்ரிம் (பெட்ரோல் அளவில் நீண்டகாலத் திருத்தம்) +14 சதவீதம். அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு என்று நினைத்து இசியூ (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கிறது. முன் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் எங்கேனும் கசிவு இருந்தால் இப்படி ஆகும். புகை விட்டுவிட்டுத் துடிப்பதால், இடையிடையே அந்த ஓட்டை வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். அந்த ஆக்சிஜனைத்தான் சென்சார் தப்பாகப் புரிந்துகொள்கிறது.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டு, டெயில் பைப்பை நண்பர் தடித்த துணியால் ஒரு நொடி அழுத்திப் பிடிக்க, நான் பானெட்டுக்குள் காது வைத்தேன். இன்ஜினிலிருந்து புகையைச் சேர்த்து வாங்கும் மேனிஃபோல்டின் இணைப்பு விளிம்பில், அதாவது ஃபிளேஞ்சில், ‘டிக் டிக் டிக்’ என்று தெளிவாகக் கேட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் அந்த இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் ஓரத்தில் விசிறி விரித்தது போலக் கரி. இன்ஜின் சூடானதும் உலோகம் விரிந்து அந்தச் சத்தம் அடங்கிவிடுகிறது, மிச்சத்தைப் பெரிய சைலன்சர் விழுங்கிவிடுகிறது. கசிவின் காரணம் அடியில் இருந்தது: பைப்பைத் தாங்கிப் பிடிக்கும் நடு ஹேங்கர் ரப்பர் அறுந்து, முழு எடையும் ஃபிளேஞ்சில் தொங்கியது. இதை அலட்சியப்படுத்தவே கூடாது. கசியும் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, காருக்குள் வந்தால் தெரியாது.

கேஸ்கெட், ஹேங்கர் இரண்டையும் மாற்றினேன். சில நாள் ஓட்டியபின் ட்ரிம் +3க்கு இறங்கியது. பிக்கப் திரும்பிவிட்டது. கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரும் 0.7 வோல்ட்டை ஒட்டி ஆடாமல் நிற்கிறது, ஆகவே கன்வெர்ட்டர் நலம்.

மிச்சம் இருந்தது ஒரு ரீங்காரம். 2,400 ஆர்பிஎம்மில் மண்டைக்குள் இரைந்தது. நான்கு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு, ஆக நொடிக்கு 80. போன் செயலியிலும் 80 ஹெர்ட்ஸில்தான் உச்சம் தெரிந்தது. ஒலி அலையின் நீளத்தில் கால் பங்குக்கு முனை மூடிய கிளை பைப் வைத்து இதை அடக்கலாம். ஆனால் குளிர்ந்த காற்றுக்கே ஒரு மீட்டருக்கு மேல் வேண்டும், சூடான புகையில் ஒலி வேகமாகப் போவதால் நீளம் இன்னும் கூடும். அடியில் அவ்வளவு இடம் இல்லை.

அதனால் இதே மாடலின் ஒரிஜினல் ரெசொனேட்டரைத் தேடிப் பிடித்து, நேர் பைப்பை வெட்டிவிட்டு வெல்டிங் செய்தாயிற்று. இரைச்சல் பெருமளவு அடங்கிவிட்டது, 3,500க்கு மேல் அந்தக் கம்பீரம் அப்படியே இருக்கிறது. பின் ஹேங்கர் ரப்பர்களிலும் வெடிப்பு தெரிகிறது, அடுத்து அவற்றை மாற்ற வேண்டும்.