வேலை நேரம் கூடினால் கையில் எவ்வளவு மிஞ்சும்?

கிழக்கு லண்டனில் ஒரு கடையில் பகுதிநேர வேலை. மகளுக்கு ஆறு வயது, வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு மாதாமாதம் கொடுக்கும் யூனிவர்சல் கிரெடிட் உதவியை எடுக்கும் தனித் தாய், பிள்ளைக்கு மூன்று வயதானபின் வாரம் 30 மணித்தியாலம் வரை வேலை பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கலாம். 2023 அக்டோபரில் வந்த விதி இது. பள்ளிக்கூட நேரத்துக்கு ஏற்றபடி குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்டேன், குறைத்தார்கள். ஆனாலும் முன்பைவிடக் கூடத்தான்.

கூடுதல் நேரத்துக்குக் கையெழுத்துப் போடுமுன் கணக்குப் பார்த்தேன். சம்பளம் கூடக் கூட கிரெடிட் குறையும். சம்பளத்தில் ஒரு தொகையைத் தொடமாட்டார்கள். வாடகைக்கும் உதவி எடுப்பவர்களுக்கு அது குறைவு. அதற்கு மேல் கையில் வரும் ஒவ்வொரு பவுணுக்கும் கிரெடிட்டில் 55 பென்ஸ் வெட்டு. மாதம் 400 பவுண் கூட உழைத்தால் 220 போய்விடும், 180 மிஞ்சும். பள்ளி விட்டபின் பிள்ளையைப் பார்க்கும் கிளப்புக்கு 200 என்றால், 85 வீதம், அதாவது 170 கிரெடிட்டில் திரும்பி வரும். கடைசியில் 150. பஸ் காசு வேறு.

பக்கத்து வீட்டு அன்ரி பாதிக் காசுக்குப் பார்ப்பார், பிள்ளைக்கும் அவரென்றால் உயிர். ஆனால் பதிவு இல்லாதவருக்குக் கொடுக்கும் காசில் ஒரு பென்ஸ்கூடத் திரும்பாது. சரி, கிளப்தான்.

அந்த 200ஐ முதலில் நாங்கள்தான் கட்ட வேண்டும். மாத முடிவில் கையில் அவ்வளவு இருந்தால் நான் ஏன் இந்தக் கணக்குப் பார்க்கிறேன்? 2023 ஜூனிலிருந்து, வேலை தொடங்கும்போதோ நேரம் கூடும்போதோ முதல் கட்டணத்தை முன்கூட்டியே கேட்கலாம். யாரும் தாமாகச் சொல்லவில்லை. கிரெடிட் விஷயங்களைப் பார்க்கும் அரசு அலுவலகமான ஜொப் சென்ரரில் நானே வாய் திறந்து கேட்டபிறகுதான் கிடைத்தது. அப்புறம் பற்றுச்சீட்டைப் பிந்தாமல் ஜேர்னலில், அதாவது கிரெடிட்டின் இணையக் கணக்கில், போட்டுவிட வேண்டும்.

என்னை அதிகம் உலைத்தது சம்பளத் திகதி. எங்கள் கடையில் நான்கு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம். வருடத்தில் ஒரு மாதம் இரண்டு சம்பளம் விழும். கிரெடிட் கணக்கில் அந்த மாதம் நான் பணக்காரி, அடுத்து வரும் தொகை தேய்ந்துபோகும். மாதச் சம்பளக்காரருக்கு இதே சிக்கல் வந்தபோது நான்கு தனித் தாய்மார் வழக்குப் போட்டு, 2020 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். விதியும் மாறியது, ஆனால் மாதச் சம்பளக்காரருக்கு மட்டும். எங்கள் மனேஜரிடம் மாதச் சம்பளமாக மாற்றித் தரச் சொல்லியிருக்கிறேன், பார்ப்போம் என்றார். அதுவரை இரட்டைச் சம்பளம் விழுந்த அன்றே வாடகைக் காசை வேறு கணக்குக்கு மாற்றிவிடுகிறேன்.