படகுக் கொட்டகை நாட்குறிப்பு: ஈர ரெசினும் பனி மாதமும்

ஜனவரி 7, 2025, செவ்வாய். கொடைக்கானல்.

இரண்டு துடுப்புப் படகுகள் கொட்டகையில் கவிழ்ந்து கிடக்கின்றன. அடிப்பலகை இணைப்புகளைச் சுரண்டி, எபாக்சி ரெசின் (ஹார்டனர் என்ற இன்னொரு திரவத்தைக் கலந்தால் கல்லாக இறுகும் பசை) தடவி, அதன்மேல் கண்ணாடி இழைத் துணி ஒட்ட வேண்டும். பொங்கல் விடுமுறைக்கு ஏரியில் இறக்கிவிட வேண்டும் என்பது உரிமையாளரின் ஆசை.

காலை எட்டரைக்குச் சுவரிலிருந்த வெப்பமானி 11 டிகிரி காட்டியது. டின்னைச் சாய்த்தால் ரெசின் நகர மறுத்தது. மூடியை இறுக்கி வெந்நீர் வாளியில் அரை மணி நேரம் வைத்திருந்த பிறகுதான் வடிந்தது.

உதவிக்கு அக்கா மகன் வந்திருக்கிறான். கையுறை போட்டிருந்தான், ஆனால் உறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவே நான்கு விரல் அகலம் திறந்து கிடந்தது. அந்த இடம் பார்த்து மணிக்கட்டில் ரெசின் வழிந்தது. உடனே பெயிண்ட் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியை எடுக்கப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். தின்னரோ அதுபோன்ற கரைப்பானான அசிட்டோனோ தோலில் பட்டால் அதிலுள்ள எண்ணெய்ப் பசை போய்விடும். கரைந்த ரெசினும் ஹார்டனரும் காவல் இல்லாத வீட்டுக்குள் நுழைவதுபோல் உள்ளே போகும். கை சுத்தமானதுபோல் தெரியும், அவ்வளவுதான்.

முதலில் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தோம். தேய்க்கவில்லை, தேய்த்தால் பரவும். அடுத்தது தேங்காய் எண்ணெய். 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடுவதால் எங்கள் ஊரில் அதை ஊற்ற முடியாது, விரலால் தோண்டித்தான் எடுக்க வேண்டும். உள்ளங்கைச் சூட்டில் உருக்கி மணிக்கட்டில் பிசைந்தபோது பிசுபிசுப்பு எண்ணெயோடு கலந்து இளகி வந்தது. அதைத் துடைத்துவிட்டு வெதுவெதுப்பான நீரும் சோப்பும் போட்டு இரண்டு முறை கழுவினோம். மொத்தம் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஜனவரி 8, புதன்

இன்று கருவிகள். பட்டித் தகட்டில் ஒட்டிய ரெசினை அப்போதைக்கப்போது வழித்துவிட்டு, வெள்ளை வினிகர் நனைத்த துணியால் துடைத்தால் வழவழப்பு முழுதும் போய்விடுகிறது. மளிகைக் கடையில் கிடைக்கும் வினிகரே போதும். பிறகு தண்ணீரில் அலசி உடனே உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் துருவோடு எழுந்திருக்க வேண்டியதுதான். இறுகிய பிறகு வினிகர் பலிக்காது. இரும்புத் தகடு என்றால் வெப்பக் காற்றுத் துப்பாக்கியால் சூடாக்கி, இளகும்போது சுரண்டலாம். பிளாஸ்டிக் குவளையை அப்படியே இறுக விட்டு நசுக்கினால் உள்ளே இருப்பது கண்ணாடி வில்லையாகத் தெறித்து விழும்.

பிரஷ் விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அதைக் காப்பாற்ற மூன்று முறை அசிட்டோனில் அலச வேண்டும். அத்தனை ஆவியையும் நாம் மூக்கில் வாங்க வேண்டும். மலிவான பிரஷ் வாங்கி ஒரு நாள் வேலையோடு எறிந்துவிடுவதே மேல். தவிர்க்க முடியாத நாளில் கொட்டகைக்கு வெளியே செய்கிறேன். பனி மாதத்தில் எல்லோரும் காலடியில் கரி அடுப்பு வைத்துக்கொள்கிறார்கள். அசிட்டோன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய்க் கனலைத் தொட்டுவிடும். இந்த உறைபனியிலும் அது தீப்பிடிக்கும்.

ஜனவரி 9, வியாழன்

காலையில் பையன் இடது மணிக்கட்டைக் காட்டினான். சிவந்த தடிப்பு, நடுவே ஊசிமுனை அளவு கொப்புளங்கள். செவ்வாய் மாலை நான் இல்லாத நேரத்தில் அந்தக் கையிலும் பட்டதாம். அவசரத்தில் தின்னரால் துடைத்துவிட்டானாம். "அப்போது ஒன்றும் தெரியவில்லை மாமா" என்றான். அப்போது தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும்.

வேலையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். களிம்பு கொடுத்தார். ஆறும் வரை ரெசின் பக்கம் போகக் கூடாது என்றார்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஆசாரியின் நினைவு வந்தது. வெறும் கையால் ரெசின் குழைத்து, மாலையில் தின்னரில் கை கழுவியவர். பல வருடம் ஒன்றும் ஆகவில்லை. ஒருநாள் விரலிடுக்கில் அரிப்பு தொடங்கியது. பிறகு கண்ணிமை வீங்கியது. கடைசியில் கொட்டகையில் டின்னைத் திறந்தாலே முகம் சிவந்து தடித்துவிடும். உடம்பு ஒருமுறை இதை ஒவ்வாமையாகப் பழகிவிட்டால் பிறகு மறப்பதில்லை. படகுக்கென்றே பிறந்த கை இன்று கதவும் ஜன்னலும் செய்துகொண்டிருக்கிறது.

குளிர் நாட்டில் இதில் ஒரு வஞ்சனை இருக்கிறது. வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் ரெசின் இறுகும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. கடற்கரையில் ஒரு நாளில் கல்லாகிவிடுவது இங்கே மூன்று நாள் ஈரமாகக் கிடக்கும். அத்தனை நாளும் அது கைக்குக் கேடு. விளக்கின் ஸ்விட்ச், டீ கிளாஸ், கதவுத் தாழ்ப்பாள் என்று அழுக்குக் கையுறை தொட்ட இடமெல்லாம் அதே கதைதான். இன்று மாலை எல்லாவற்றையும் வினிகர் துணியால் துடைத்தேன்.

ஜனவரி 11, சனி

இரவெல்லாம் மூடுபனி. பூச்சின் மேல் மெழுகு தடவியதுபோல் ஒரு வழவழப்பு. ஹார்டனர், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து உண்டாக்கும் படலம் இது. தின்னர் போட்டால் இழுகிப் பரவும். வெறும் தண்ணீரும் நைலான் நாரும் போதும், கரைந்துவிடும். கையுறையோடுதான் கழுவினேன். நகத்தால் அழுத்திப் பார்த்தேன். தடம் விழுந்தது, இன்னும் இறுகவில்லை.

ஜனவரி 13, திங்கள். போகி.

விடியற்காலையில் தெருவெங்கும் புகை. பையன் கொட்டகை மூலையிலிருந்த ரெசின் துணிகளையும் கையுறைகளையும் வாரிக்கொண்டு போகி நெருப்புக்குக் கிளம்பினான். வாசலிலேயே தடுத்தேன். அதில் அசிட்டோன் ஊறிய துணியும் கலந்திருந்தது. அந்தத் துணியை வெளியே கொடியில் விரித்து ஆவி போக விட்டோம். மிச்ச ரெசினைக் குவளையில் குவித்து வைக்காமல் அட்டைமேல் மெல்லியதாகப் பரப்பினோம். குவிந்திருந்தால் தானே சூடேறிப் புகையும். இறுகிய பிறகு குப்பைக்கு அனுப்பலாம்.

கழுவிய தண்ணீரையும் வினிகரையும் ஏரிப் பக்கம் ஊற்றக் கூடாது என்று அவனிடம் உறுதி வாங்கினேன். 1863இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை ஓடையை மறித்து உருவாக்கிய ஏரி இது. முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தவரும் அவரே. இதன் வழிந்தோடும் நீர்தான் கீழே வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது.

மாலையில் உரிமையாளர் போன் செய்தார். தேய்த்து வண்ணம் அடித்து நாளைக்குள் இறக்க முடியாதா என்று கேட்டார். முடியாது என்றேன். அரைகுறையாக இறுகியதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பறக்கும் தூள் ஈர ரெசினைவிடக் கொடியது. கண்ணிலும் கழுத்திலும் மூச்சிலும் போய் ஒட்டும். குரலில் வருத்தம் தெரிந்தது. எனக்கும் வருத்தம்தான், பொங்கல் வருமானம் அவருக்குப் பெரிது.

ஜனவரி 18, சனி

நகத் தடம் விழவில்லை. முகக்கவசம் கட்டி, தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்த்தேன். பால் போல வழிந்த நீரை வாளியில் பிடித்துக்கொண்டேன். பையனின் மணிக்கட்டில் தோல் உரிந்து புதுத் தோல் வந்திருக்கிறது. ரெசின் டின்னை அவனிடம் தரவில்லை. துடுப்புகளுக்கு ஆளி விதை எண்ணெய் பூசச் சொன்னேன்.

ஜனவரி 21, செவ்வாய்

படகுகளை வெயிலில் வெளியே தூக்கி வைத்திருந்தோம். சாலைக்கு அந்தப் பக்கம் ஆசாரி வந்து நின்றார். "உள்ளே டின் எதுவும் திறந்திருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை, எல்லாம் இறுகிவிட்டது, கழுவியும் விட்டோம் என்றேன். அப்படியும் பத்தடி தள்ளியே நின்றார். படகைப் புரட்டி அடிப்பக்கத்தை அவருக்குக் காட்டினோம். நெடுநேரம் பார்த்தார். முன்மூக்குக்கு அருகே ஒரு மடிப்பில் துணி சரியாகப் படியவில்லை என்று விரல் நீட்டிச் சொன்னார்.

அவர் சொன்னது சரி. அந்த இடத்தில் காற்றுக் குமிழ் இருக்கிறது. நாளைக்கு அதைப் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும்.