இடறிய காலுக்குத் தண்டுவடம் தரும் விடை

மார்ச் 3

முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டினால் கால் துள்ளுவதையே அனிச்சைச் செயலுக்கு எடுத்துக்காட்டாகப் பாடநூல்கள் தருவதால், எப்போது தட்டினாலும் ஒரே விடைதான் வரும் என்ற எண்ணம் எங்கள் இயன்முறை மருத்துவ மாணவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. நடக்கும் விலங்கின் தண்டுவடம் அப்படி இயங்குவதில்லை என்பதைக் காட்ட, ஃபோர்ஸ்பர்க், கிரில்னர், ரோசினோல் ஆகிய மூவரும் 1975இல் வெளியிட்ட பூனைச் சோதனையை அடுத்த வகுப்புக்காக மீண்டும் படிக்கிறேன்.

அந்தப் பூனைகளின் தண்டுவடம் துண்டிக்கப்பட்டிருந்ததால், மூளையின் கட்டளை பின்னங்கால்களை எட்ட வழியே இல்லை. இருந்தும், ஓடும் டிரெட்மில் பட்டையின்மேல் அக்கால்கள் மாறி மாறி அடியெடுத்து வைத்தன. காற்றில் முன்னோக்கி வீசப்படும் காலின் புறங்காலைத் தொட்டதும், முழங்கால் வழக்கத்தைவிட அதிகமாக மடிந்து, பாதம் மேலெழுந்து, இல்லாத தடையொன்றைத் தாண்டுவதுபோல முன்னே சென்று இறங்கியது. தண்டுவடம் முழுமையாக உள்ள பூனையில் இந்த விடையின் முதல் தசைத்துடிப்பு ஏறத்தாழ 10 மில்லிநொடியில் தொடங்கிவிடுகிறது.

மார்ச் 4

சோதனையின் உயிர்நாடி இரண்டாம் பாதியில் இருக்கிறது. அதே கால் தரையில் ஊன்றி உடலைத் தாங்கிக்கொண்டிருக்கும்போது அதே இடத்தைத் தொட்டால், மடக்கும் தசைகளுக்குப் பதிலாக நீட்டும் தசைகள் இன்னும் வலுவாக இறுகுகின்றன. ஊன்றிய காலை அந்த நொடியில் மடக்கினால் பூனை சரிந்துவிடும் என்பதை நினைத்தால் இந்தத் தலைகீழ் மாற்றத்தின் தேவை விளங்கும். தொடுகை ஒன்றுதான், கால் நடையின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதே விடையைத் தீர்மானிக்கிறது.

நடையின் தாளம் தண்டுவடத்துக்குள்ளேயே பிறப்பதை 1911இல் கிரஹாம் பிரவுன் காட்டியிருந்தார். அத்தாளத்தை உண்டாக்கும் நரம்பணுக்களே, தோலிலிருந்து வரும் செய்தியை ஒரு கட்டத்தில் மடக்கும் தசைப் பக்கமும் மறு கட்டத்தில் நீட்டும் தசைப் பக்கமும் திருப்பிவிடுகின்றன. இதைக் கேட்டுவிட்டு மூளையே தேவையில்லை என்று மாணவர்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. தண்டுவடம் துண்டிக்கப்பட்ட பூனை பக்கவாட்டில் சாயாமல் நடக்க ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். எதிரே உள்ள தடையைப் பார்த்து முன்கூட்டியே காலைத் தூக்குவதற்கும் மூளை வேண்டும்.

மார்ச் 7

மனிதர்களைப் பற்றிய பகுதியை இன்று எழுதி முடித்தேன். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் எங், வின்டர், பட்லா ஆகியோர் 1994இல் வெளியிட்ட ஆய்வின்படி, கால் வீச்சின் தொடக்கத்தில் இடறினால் நாம் அக்காலையே உயர்த்தித் தடையைத் தாண்டுகிறோம். வீச்சின் முடிவில் இடறினால் அதைச் சட்டென்று தரையில் இறக்கிவிட்டு மற்றக் காலால் தாண்டுகிறோம். தசைகளின் விடை 60 முதல் 140 மில்லிநொடிக்குள் தொடங்கியதால், யோசித்துச் செய்யும் அசைவுக்கு அங்கே நேரமில்லை. ஆனால் மனிதனில் இந்த விடை முழுவதையும் தண்டுவடத்தின் கணக்கில் எழுதிவிட நான் துணியமாட்டேன்.

நேற்று சிகிச்சைக்கூடத்தில் பெரியவர் ஒருவரின் பெருவிரல், குதிகால் தரையைத் தொடவிருந்த கணத்தில் பாயின் ஓரத்தில் தட்டியது. பாதத்தை அங்கேயே பொத்தென்று ஊன்றியவர், மறுகாலை நீட்டிப் போட்டு நின்றுகொண்டார். கைப்பிடிக் கம்பியைப் பற்றியதெல்லாம் அதன் பிறகுதான்.

மார்ச் 12

உடல் பெரிதானால் நரம்பின் நீளமும் கூடுமல்லவா என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. ஆசிய யானையின் கால் நரம்பில் செய்தி நொடிக்குச் சுமார் 70 மீட்டர் வேகத்தில்தான் செல்கிறது. 2 மீட்டர் நரம்பு என்று வைத்துக்கொண்டால், போய்வர மட்டுமே கிட்டத்தட்ட 57 மில்லிநொடி ஆகும். தசை இறுகி விசை தருவதற்கான நேரம் தனி.

அந்த இடைவெளியில் காலின் அமைப்பே ஓரளவு கைகொடுக்கிறது. மெல்லிய தாளால் மூடி மறைத்த 8.5 செ.மீ. ஆழப் பள்ளத்தில் கினிக்கோழிகளை ஓடவிட்டு, டேலியும் பீவெனரும் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தரை இருக்கும் என்று எதிர்பார்த்து இறக்கிய கால் தாளைக் கிழித்துக்கொண்டு உள்ளே சென்றபோதும், பறவைகள் பெரும்பாலும் விழாமல் ஓட்டத்தைத் தொடர்ந்தன. கால் எந்த அளவு நீண்ட நிலையில் தரையைத் தொடுகிறது என்பதைப் பொறுத்து, அது சுருள்வில்லாகவோ அதிர்வுதாங்கியாகவோ வேலை செய்தது. அனிச்சைச் செயல் வந்து சேர்வதற்குள் எலும்பும் தசைநாணும் எவ்வளவு வேலையை முடித்துவிடுகின்றன என்பதை அடுத்த வகுப்பில் தனியாக எடுக்க வேண்டும்.