காயில் போச்சுடா!

அப்பா காலத்து வெல்டிங் மெஷின் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. இன்வெர்ட்டர் ரகம் இல்லை. கைப்பிடியைச் சுற்றி ஆம்பியரைக் கூட்டிக் குறைக்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மர். நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். கேட் கீல் உடைந்ததால் அதற்கு வேலை வந்தது. சுவிட்சைப் போட்டால் ஜன்னல் கண்ணாடி வரை அதிர்கிறது, பொறியைத்தான் காணோம். வெல்டிங் ராடைக் கேட்டில் உரசினால் ஒரு முனகல். அடுத்த நொடி ராடு கேட்டோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது.

சத்தம் கேட்டு வந்த பெரியப்பா தள்ளி நின்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "காயில் போச்சுடா. எடைக்குப் போட்டுடு." மிக்சி, பம்ப், ஃபேன், எது நின்றாலும் அவருக்குக் காயில்தான்.

மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ராடைப் பிடிக்கும் ஹோல்டருக்கும் இரும்பைக் கவ்வும் எர்த் கிளாம்புக்கும் நடுவே பார்த்தேன். 68 வோல்ட். குறையே சொல்ல முடியாது. ஆனால் மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை. கேபிளில் நாலு செம்பு இழை மிச்சமிருந்தால்கூட முழு வோல்ட்டைக் காட்டும். ராடு கேட்பதோ 100 ஆம்பியர். அந்தப் பாதையில் 0.1 ஓம் தடை இருந்தாலே 10 வோல்ட் அங்கே விழுந்து, 1000 வாட் சூடாகிவிடும். கேபிளுக்குள் இஸ்திரிப் பெட்டியைச் சுருட்டி வைத்த மாதிரி.

சரி, சூட்டைத் தேடுவோம் என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கேபிளைத் தடவிக்கொண்டே போனேன். எல்லாம் ஜில்லென்று இருந்தது, எர்த் கேபிள் மெஷினில் சேரும் லக், அதாவது கேபிள் முனையில் இருக்கும் உலோகக் காது, மட்டும் கொதித்தது. ஆறவிட்டுப் பிரித்தால் டேப்புக்கு மேல் டேப். வந்தவர் போனவரெல்லாம் ஆளுக்கொரு சுற்று சுற்றியிருக்கிறார்கள். உள்ளே என்ன என்று ஒருவரும் பார்க்கவில்லை. பச்சைப் பொடி, கருகிய இழைகள், அவற்றுக்கு நடுவே உயிரோடு சிலது. நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, புது லக் போட்டு அழுத்தி, டெர்மினலை உப்புத்தாளால் தேய்த்து முறுக்கினேன்.

மூடியைத் திறந்ததற்கு அந்த இரைச்சலையும் பார்த்துவிட்டேன். நடுவில் நகரும் இரும்புக் கோர் தளர்ந்திருந்தது. 50 ஹெர்ட்ஸ் கரண்டில் அது நொடிக்கு 100 தடவை அதிரும். வீடு ஆடாமல் என்ன செய்யும்? போல்ட்டை இறுக்கியதும் அடங்கியது. உள்ளே குளவி கட்டிய மண்கூடு வேறு. நல்லவேளை, குடித்தனம் காலி.

பிளக்கைச் சொருகி ராடை உரசினேன், பளிச்சென்று பிடித்தது. பெரியப்பா ஓடி வந்தார்.

"பாத்தியா, காயில் மாத்தினதும் எப்படி எரியுது!"

நான் ஷீல்டை முகத்துக்கு இறக்கிக்கொண்டேன்.